‘சேமி’ பட்டன் எதையும் சேமிப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், இணைய வீடியோக்களைக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்வது பற்றி அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வந்திருந்தது. லிங்க்கைக் காப்பி செய்யுங்கள், தேடினால் வரும் ஏதாவது ஒரு தளத்தில் ஒட்டுங்கள், பட்டனை அழுத்துங்கள், வேலை முடிந்தது என்று எழுதியிருந்தார்கள். ‘ஏதாவது ஒரு தளத்தில்’ என்ற அந்த மூன்று வார்த்தையைப் படித்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கடிதம் நீளமாகப் போகும். இடம் போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், போலிப் பட்டன்களைப் பற்றிச் சொல்லியிருக்கும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

உனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பழைய தையல் மெஷின்களைப் பிரித்துச் சரிசெய்து ஓடவைப்பது என் பொழுதுபோக்காக இருந்தது, பிறகு அதுவே கொஞ்சம் பிழைப்பாகவும் ஆகிவிட்டது. யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. ஒரு வீடியோ தளத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் போட்டிருந்த நாற்பது சொச்சம் வீடியோக்கள்தான் எனக்குப் பள்ளிக்கூடம். மனிதர் முகத்தைக்கூடக் காட்டமாட்டார், இரண்டு கையும் மெஷினும்தான் தெரியும். ஊசி கீழே போய்த் திரும்பி மேலே எழும்பும் அந்த நொடியில் கொக்கியின் முனை எங்கே வந்து நிற்க வேண்டும், அப்படி நிற்காவிட்டால் தையல் ஏன் விட்டு விட்டு விழுகிறது, இதையெல்லாம் சக்கரத்தைக் கையாலேயே மெல்லச் சுற்றிக் காட்டுவார். எழுதினால் நாலு பக்கம் ஆகும், அவர் காட்டினால் பதினைந்து விநாடி. எல்லாவற்றையும் ‘சேமி’ பட்டனை அழுத்தி ஒரு பிளேலிஸ்ட்டில் அடுக்கிவைத்திருந்தேன். பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதி வேறு.

ஒருநாள் ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பிளேலிஸ்ட்டைத் திறந்தால் ‘இந்த வீடியோ கிடைக்கவில்லை’. அடுத்ததும் அப்படியே. நாற்பதும் அப்படியே. அவரே கணக்கை மூடினாரா, அவர் காலத்துக்குப் பிறகு வீட்டில் உள்ளவர்கள் மூடினார்களா, தளம் மூடியதா, இன்றுவரை தெரியாது. கொடுமை என்னவென்றால் தலைப்புகூட மிஞ்சவில்லை. தலைப்பாவது இருந்திருந்தால் வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்திருக்கலாம். தளத்துக்கு எழுதிக் கேட்டேன், ஒரு வரியில் கைவிரித்துவிட்டார்கள். அதில் தப்பில்லை, அவர் பொருள், எடுத்துக்கொண்டு போக அவருக்கு உரிமை உண்டு. முட்டாள்தனம் என்னுடையது. விலாசத்தை எழுதிவைத்துக்கொண்டு வீட்டையே வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பட்டன் செய்வது அவ்வளவுதான். இன்னாருக்கு இந்த வீடியோ பிடித்திருக்கிறது என்று அவர்களுடைய நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்கிறார்கள், வீடியோ அவர்கள் சர்வரைவிட்டு நகர்வதே இல்லை. காசு கட்டினால் சில ஆப்களில் ‘ஆஃப்லைன்’ என்று ஒரு வசதி தருகிறார்களே, அது பயணத்துக்கு உதவும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஃபைல் பூட்டுப் போட்டுத்தான் இறங்குகிறது, அந்த ஆப்பைத் தவிர வேறெதிலும் திறக்காது, இத்தனை நாளுக்கு ஒருமுறை இணையத்தில் தலையைக் காட்ட வேண்டும், சந்தாவை நிறுத்தினால் அதோடு சரி. நம் வீட்டு அலமாரி, பூட்டு மட்டும் அவர்களுடையது.

ஒருவர் கணக்கை மூடுவது இருக்கட்டும், தளங்களே மூடிக்கொண்டு போயிருக்கின்றன. கூகுள் வீடியோ என்று ஒன்று 2005-ல் வந்தது, இளவட்டங்களுக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது. அடுத்த வருடமே யூடியூபைக் கூகுள் வாங்கிவிட்டதால் இது மூத்த தாரத்தின் பிள்ளை மாதிரி ஆகிப்போனது. 2009-ல் புதிதாக ஏற்றுவதை நிறுத்தினார்கள், 2011-ல் இருப்பதையும் காட்டப்போவதில்லை என்று அறிவித்தார்கள். பலரும் சத்தம் போட்டபிறகுதான் மிச்சமிருந்ததை யூடியூபுக்கு மாற்ற ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம், யார் வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் வீடியோ என்றெல்லாம் பார்க்காமல், கிடைத்ததையெல்லாம் இறக்கத் தொடங்கியிருந்தது. ஆறு விநாடி வீடியோக்களுக்குப் பேர்போன வைன் 2017 ஜனவரியில் போனது. மைஸ்பேஸ் என்ற பழைய சமூக வலைத்தளத்தின் கதை இன்னும் மோசம், அங்கே யாரும் திட்டமிட்டு மூடவில்லை, சர்வர் மாற்றும்போது பழைய பாட்டு, படம், வீடியோ எல்லாம் தொலைந்துவிட்டன என்பது 2019-ல் செய்தியானது. பன்னிரண்டு வருடம் மக்கள் ஏற்றியது.

சரி, அப்படியானால் இறக்கிவைத்துக்கொள்ள வேண்டியதுதானே? ஆமாம், நானும் அதைத்தான் சொல்கிறேன். எதை வைத்து இறக்குவது என்பதில்தான் உங்கள் குறிப்போடு எனக்குச் சண்டை.

லிங்க்கை ஒட்டச் சொல்லும் தளங்கள் பலவற்றுக்கு விளம்பரம்தான் வருமானம், அதுவும் மரியாதைப்பட்ட விளம்பரதாரர்கள் பக்கத்திலேயே வராத ரகம். பக்கம் திறந்ததும் பச்சையில் பெரிதாக ஒரு ‘டவுன்லோடு’, அதற்குக் கீழே நீலத்தில் இன்னொன்று, ஓரத்தில் மின்னிக்கொண்டே மூன்றாவது. மூன்றுமே விளம்பரம். நிஜப் பட்டன் சாம்பல் நிறத்தில் சின்னதாக எங்கோ பதுங்கியிருக்கும். அதைக் கண்டுபிடித்து அழுத்தினாலும் முதல் அழுத்தலுக்கு வேறொரு பக்கம்தான் திறக்கும், ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்று கேட்கும். அது ரோபோ சோதனையே இல்லை, உங்கள் திரையில் அறிவிப்பு அனுப்ப அனுமதி வாங்குகிறார்கள். கொடுத்துவிட்டால் அன்றிலிருந்து ‘உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்’ என்று மூலையில் வந்துகொண்டே இருக்கும், அதை அழுத்தினால்தான் நிஜ வைரஸ். தெரியாமல் கொடுத்திருந்தால் பிரவுசரின் செட்டிங்ஸில் அறிவிப்புகள் என்ற பகுதிக்குப் போய் அந்தத் தளத்தின் பெயரை நீக்கிவிடுங்கள், நின்றுவிடும்.

என் அக்கா மகன் இதில் ஒருபடி மேலே போனான். பாடம் ஒன்றை இறக்கப் போய் அவனுக்குக் கிடைத்த ஃபைலின் பெயர் பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருந்தது, எம்பி4 என்றே முடிந்தது. ஆனால் விண்டோஸ் தன் வழக்கப்படி பெயரின் கடைசி வாலை மறைத்துவிடும். அந்த எம்பி4-க்குப் பின்னால் எக்ஸி என்று நிஜ வால் ஒன்று ஒளிந்திருந்தது. வீடியோ என்று நினைத்து அவன் திறந்தது ஒரு புரோகிராம். அப்புறம் நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அவன் கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொடுத்தேன், அவனுடைய ப்ராஜெக்ட் போட்டோக்கள் போனது போனதுதான். தயவுசெய்து வாசகர்களுக்கு இதையாவது சொல்லுங்கள்: ஃபோல்டர் அமைப்பில் ‘ஃபைல் பெயரின் வாலைக் காட்டு’ என்பதை இயக்கிவைக்கட்டும், எம்பி4, வெப்எம், எம்கேவி என்று முடிந்தால் வீடியோ, எக்ஸி, எம்எஸ்ஐ என்று முடிந்தால் எவ்வளவு அழகான பெயராக இருந்தாலும் திறக்காமல் அழித்துவிடட்டும். பிரவுசரில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களின் தகவலையும் படிக்க, மாற்ற அனுமதி கேட்கிறதென்றால், வீடியோ மட்டுமல்ல, நீங்கள் திறக்கும் பேங்க் பக்கமும் அதில் அடக்கம். நல்ல எக்ஸ்டென்ஷனும் அந்த அனுமதியைக் கேட்கத்தான் செய்யும், அதுதான் சிக்கல்.

நான் பயன்படுத்துவது ஒய்டி-டிஎல்பி (yt-dlp) என்ற, வீடியோ இறக்கும் புரோகிராம். பெயர் வாயில் நுழையாது, திறந்தால் கருப்புத் திரை, எலியை வைத்து அழுத்த ஒன்றுமே இருக்காது. இதைச் சொன்னதும் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள், ஆனால் செய்ய வேண்டியது அதன் பெயரைத் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, லிங்க்கை ஒட்டி என்டர் தட்டுவது, அவ்வளவுதான். விளம்பரம் கிடையாது, காசு கிடையாது, மூல நிரல் எல்லாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. இதன் முன்னோர் யூடியூப்-டிஎல், 2006-ல் பிறந்தது. 2020 அக்டோபரில் அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் புகார் கொடுத்து, நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்திலிருந்து அதை எடுக்கவைத்தது. பத்திரிகையாளர்களும் ஆவணக் காப்பாளர்களும் பயன்படுத்தும் கருவி இது என்று எதிர்க் குரல் எழுந்தது. மின்னணு எல்லை அறக்கட்டளை என்ற உரிமை அமைப்பு சட்ட விளக்கம் எழுதிக் கொடுத்தது, நவம்பரிலேயே கிட்ஹப் திரும்ப வைத்துவிட்டது. அதோடு நிற்காமல் இந்த மாதிரிப் புகாரில் மாட்டும் நிரலாளர்களுக்கு வக்கீல் செலவுக்கென்று பத்து லட்சம் டாலர் நிதியும் ஒதுக்கியது. அதன் கிளையாக வந்ததுதான் நான் சொல்வது. ஒரே தொல்லை, அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். தளங்கள் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டே இருக்கும், நேற்று ஓடியது இன்று ஓடாது, கருவி கெட்டுப்போய்விட்டதென்று நினைத்து மறுபடி அந்தப் பச்சைப் பட்டன் பக்கம் போய்விடாதீர்கள்.

உங்கள் குறிப்பைப் படித்து இறக்கிய யாராவது ‘படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை’ என்று உங்களுக்கு எழுதியிருப்பார்கள், எழுதாவிட்டால் இனி எழுதுவார்கள். அதற்குக் காரணம் உண்டு. பிரவுசரில் வீடியோ ஓட ஃபிளாஷ் என்ற இணைப்பு தேவைப்பட்ட காலத்தில் ஒரு வீடியோ என்றால் ஒரே ஃபைல்தான், முழுதும் ஓடி முடிந்தபின் பிரவுசரின் தற்காலிக ஃபோல்டரைத் துழாவினால் அப்படியே கிடந்திருக்கும், பெயரை மாற்றி வைத்துக்கொண்டோம். கொள்ளைக்காரனாக உணர்ந்த அந்த நாட்களெல்லாம் போய்விட்டன. இப்போது வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு துண்டும் நாலைந்து தரத்தில் தனித்தனியாக. நம் இணைப்பின் வேகத்தைப் பார்த்து பிளேயர் அடுத்த துண்டு எந்தத் தரத்தில் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறது. படம் ஒரு வரிசை, ஒலி இன்னொரு வரிசை. இரண்டையும் இறக்கி ஒன்றாகக் கோர்க்க வேண்டும், கோர்ப்பது எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) என்ற இன்னொரு இலவசக் கருவி. அதைக் கம்ப்யூட்டரில் போட்டுவைத்தால் ஒய்டி-டிஎல்பி அதுவாகவே கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும். பல ஒட்டும் தளங்கள் இந்தக் கோர்க்கும் வேலையைச் செய்யாமல் படத்தை மட்டும் கையில் கொடுத்துவிடும், அல்லது ஒலியும் படமும் சேர்ந்தே கிடைக்கும் மங்கலான பிரதியைக் கொடுத்துவிட்டு ‘எச்டி’ என்று பெயர் போட்டுவிடும்.

தரம் என்றதும் எல்லாரும் இருப்பதிலேயே பெரியதைத்தான் எடுப்பார்கள். எனக்குத் தேவை ஊசியும் கொக்கியும் தெரிவது, அதற்கு 720 வரித் தரம் போதும். கணக்கு எளிது: விநாடிக்கு ஒரு மெகாபிட் ஓடும் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி பிடிக்கும், அதைப் பெருக்கிக்கொள்ளலாம். பென் டிரைவில் போடும்போது 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறமாட்டேன் என்று அடம் பிடித்தால் டிரைவ் கெட்டுவிடவில்லை, அது பழைய ஃபேட்32 அமைப்பில் இருக்கிறது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறிவிடும் (மாற்றினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும், முதலில் எடுத்து வேறிடத்தில் வையுங்கள்). இறக்கியதை இன்னொரு வடிவத்துக்கு ‘கன்வெர்ட்’ செய்துகொண்டே இருப்பதும் வீண் வேலை. தளம் ஏற்கெனவே ஒருமுறை கசக்கிப் பிழிந்த வீடியோ அது, நாமும் ஒருமுறை பிழிந்தால் சக்கைதான் மிஞ்சும். விஎல்சி என்ற இலவச பிளேயர் இருந்தால் அநேகமாக எதையும் அப்படியே ஓட்டிவிடும். பழைய டிவியில் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும், வீடியோவைச் சுருக்கும் முறைகளில் புதிய ஏவி1 வேண்டாம், பழைய எச்264 கொடு என்று இறக்கும்போதே கேட்டுக்கொள்ளலாம்.

தமிழ்த் தலைப்பு வைத்த வீடியோக்களில் ஒரு வேடிக்கை உண்டு. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் இறக்கினால் திடீரென்று ‘ஃபைல் பெயர் மிக நீளம்’ என்று நின்றுவிடும். பார்த்தால் தலைப்பு ஒன்றும் அவ்வளவு நீளமாக இருக்காது. அங்கே ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் அனுமதி, ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்று. அதுவும் ‘கொ’ என்பது நமக்கு ஒரே எழுத்து, கம்ப்யூட்டருக்குக் ககரம் தனி, ஒகரக் குறி தனி, ஆக ஆறு பைட். நம்மவர்கள் தலைப்பிலேயே பாதிக் கதையைச் சொல்லிவிடுவார்களா, இடிக்கிறது. பெயரைச் சுருக்கிக்கொள்ள ஒய்டி-டிஎல்பியிலேயே வழி இருக்கிறது, ஆனால் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது போனது.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்று அடுத்த கடிதம் வரும். நேராகவே சொல்கிறேன், பெரிய தளங்களின் விதிமுறைகளில் அவர்கள் கொடுத்த பட்டனைத் தவிர வேறு வழியில் இறக்கக்கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது, யூடியூபும் அதில் சேர்த்தி. விதிமுறை வேறு, பதிப்புரிமைச் சட்டம் வேறு, சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். டிவி நிகழ்ச்சியைக் கேசட்டில் பதிந்து பிறகு பார்ப்பது குற்றமாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-ல் சொன்னது, அதுவும் ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஒருபக்கம் நான்கு பேர் ஒருபக்கம் என்று இழுபறியாக. அதைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லாவற்றுக்கும் பொருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வழக்கு பிறகு பார்ப்பதைப் பற்றியது, அலமாரி நிறைய அடுக்கி வைப்பதைப் பற்றியது அல்ல. பூட்டுப் போட்ட சினிமாத் தளங்களின் பூட்டை உடைப்பதை நான் ஆதரிக்கவும் இல்லை, அதற்கு இந்தக் கடிதம் உதவாது. இன்னொருவர் உழைப்பை இறக்கித் தன் சேனலில் ஏற்றிக் காசு பார்ப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களைத் திருடர்கள் என்று சொல்ல எனக்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை.

ஆனால் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம் என்று கொடுத்திருப்பதே எவ்வளவோ இருக்கிறது, அதைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. 1996-ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய கல்விப் படங்கள், பதிப்புரிமைக் காலம் முடிந்த படங்கள் எல்லாம் பக்கத்திலேயே இறக்கும் பட்டனோடு கிடக்கின்றன. விமியோ என்ற வீடியோ தளத்தில் உரிமையாளர் விரும்பினால் அந்தப் பட்டனைக் காட்டலாம். யூடியூபிலேயே 2011 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வீடியோ போடும் வசதி உண்டு, தேடும்போது வடிகட்டியில் அதைத் தேர்ந்தெடுத்தால் உரிமையாளரே பகிரச் சொல்லிவிட்ட வீடியோக்கள் வந்து நிற்கும். நீங்களே ஏற்றிய வீடியோக்களைக் கூகுள் டேக்அவுட் வழியாக மொத்தமாகத் திரும்ப வாங்கலாம், மூலத்தைத் தொலைத்துவிட்டவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். எதிலும் சேராவிட்டால் கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில், ‘உங்கள் பாடத்தை என் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாமா’ என்று எழுதினால் மனிதர்கள் சந்தோஷப்படுகிறார்கள். ஒருவர் தரம் குறையாத மூல ஃபைலையே அனுப்பிவைத்தார். அந்தக் கிழவரிடம் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

இப்போது எதை இறக்கினாலும் கூடவே ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் யார் போட்டது, எந்த லிங்க், எந்தத் தேதி என்று எழுதிவைக்கிறேன், சப்டைட்டில் இருந்தால் அதையும் சேர்த்து எடுக்கிறேன். இரண்டு டிஸ்கில். ஒரே டிஸ்கில் இருந்தால் அதுவும் அந்தப் பிளேலிஸ்ட் மாதிரிதான், எப்போது வேண்டுமானாலும் கைவிடும்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். உங்கள் நாளிதழின் வீடியோப் பகுதியில் கைவினைஞர்களைப் பேட்டி கண்டு ஒரு வரிசை போட்டீர்கள், அருமையான வரிசை, அதில் தறி சரிசெய்பவர் ஒருவர் பேசியதை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். போன மாதம் தேடியபோது முதல் நான்கு பேட்டிகள் திறக்கவில்லை, தளத்தைப் புதுப்பித்தபோது விட்டுப்போயிருக்கலாம். மூலப் பிரதி உங்கள் அலுவலகத்தில் யார் கம்ப்யூட்டரிலாவது இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் திரும்ப ஏற்றும்போது கீழே ஒரு டவுன்லோடு பட்டனும் வையுங்கள். சாம்பல் நிறத்தில் இருந்தாலும் பரவாயில்லை, தேடிக் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்